கம்போடியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

விமான டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: அனாதை இல்லத்துக்குப் போவதில்லை.

2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. போர் முடிந்து பல வருடமாகியிருந்தது, பெற்றோரை இழந்த பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள், இல்லங்கள் மட்டும் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் நடத்தி, படம் எடுத்து, நன்கொடை கொடுப்பவர்கள் இருந்ததால், அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். 'படிக்க வைக்கிறோம்' என்று சொல்லிக் கிராமத்திலிருந்து கூட்டிவந்தார்கள். நல்ல மனதோடு போனவர்கள்தான் இந்த வியாபாரத்துக்கு வாடிக்கையாளர்கள். 2018இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைத்தன எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதும் அந்த விவாதத்தில் பேசப்பட்டது.

ஆகவே போக வேண்டியது, பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து படித்துவிட்டு வீட்டுக்கே திரும்பும் இடத்துக்கு. அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. கம்போடிய அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் அரை நாள்தான் வகுப்பு. ஒரு கூட்டம் காலையில், இன்னொன்று மதியத்துக்கு மேல். மீதி அரை நாளில் விகாரை வளாகத்திலும், ஊர்க்காரர்கள் நடத்தும் சின்னப் பள்ளிகளிலும், தொண்டு நிறுவனங்களிலும் இலவச ஆங்கில வகுப்பு நடக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காசு கட்டித் தனி வகுப்புக்குப் போகும். வசதியில்லாத பிள்ளைக்கு இதுதான் டியூஷன்.

இடத்தைச் சோதிப்பது

அமைப்புக்கு முதல் மின்னஞ்சலிலேயே நான்கு கேள்வி கேளுங்கள். நான் இல்லாதபோது இந்த வகுப்பை யார் எடுக்கிறார்? பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கையின் நகலை அனுப்ப முடியுமா? போலீஸ் சான்றிதழ் வேண்டுமா? நான் கட்டும் பணத்தில் எவ்வளவு பள்ளிக்குப் போகிறது?

இவற்றில் முதல் கேள்விதான் உரைகல். 'தன்னார்வலர்கள்தான் எடுக்கிறார்கள், ஒருவர் போனதும் அடுத்தவர் வருவார்' என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரே வருடத்தில் 15 பேரிடமிருந்து 15 தடவை 'மை நேம் இஸ்' கற்றிருப்பார்கள். ஊர் ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாக இருந்து, அவருக்குத் துணையாக உங்களைக் கேட்டால் அது சரியான இடம். போலீஸ் சான்றிதழ் கேட்காமல், நாளைக்கே வகுப்பெடுக்க வரலாம் என்கிற இடம், நாளைக்கு வேறு எவனையும் அப்படியே உள்ளே விடும் என்பதை மறக்காதீர்கள். இந்தியாவில் இந்தச் சான்றிதழை பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டி வாங்கலாம்; போலீஸ் விசாரணைக்கு நாள் பிடிக்கலாம் என்பதால் ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்கும்போது இரண்டு அறிகுறிகள். முன்பின் தெரியாத உங்கள் மீது பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொண்டால் அது பாசமில்லை, வருவோர் போவோரிடம் ஒட்டி ஒட்டிப் பிரிந்த பழக்கம். சாயங்காலம் விருந்தினர் முன் ஆடச் சொல்லிப் பிள்ளைகளை நிறுத்தினால், பாடம் அங்கே பக்கவாட்டு வேலைதான்.

இன்னொரு எச்சரிக்கை, இது நம் ஆட்களுக்கென்றே. 'கம்போடியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை, டிக்கெட் எங்கள் செலவு, மாதம் ஆயிரம் டாலர்' என்று டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ஏஜென்ட் அழைத்தால், அது இணைய மோசடிக் கூடத்துக்கு ஆள் பிடிக்கும் வலையாக இருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களையே போனில் ஏமாற்ற வைப்பார்கள். அப்படிச் சிக்கிய சுமார் 250 இந்தியர்களை மீட்டுத் திருப்பி அனுப்பியதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் 2024 மார்ச்சில் சொன்னது. உண்மையான தன்னார்வப் பணியில் டிக்கெட்டும் விசாவும் உங்கள் செலவு. பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எவ்வளவு நாள்

வகுப்பறையில் நிற்க வேண்டுமென்றால் 3 மாதம். முதல் 2 வாரம் பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் புரியவே போய்விடும். கடைசி வாரம் ஒப்படைப்பு. நடுவில் கிடைக்கும் 9 வாரம்தான் வேலை. உங்களிடம் 2 வாரம்தான் இருக்கிறதா? அப்போது பிள்ளைகள் பக்கம் போகாமல் ஆசிரியர்களோடு உட்காருங்கள். அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது, பாட அட்டைகள் செய்வது, அரைகுறையாகக் கிடக்கும் நூலகத்தை அடுக்கிப் பட்டியல் போடுவது என்று அங்கே வேலை கிடக்கிறது. 2 வாரத்தில் இதுதான் மிஞ்சும்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் கெமர் (கம்போடிய) புத்தாண்டு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். அந்த வாரம் ஊரே காலி. செப்டம்பர்-அக்டோபரில் முன்னோருக்கான ப்சும் பென், நவம்பரில் நீர்த் திருவிழா. நடவு, அறுவடை நாட்களில் கிராமத்துப் பெரிய பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். வருகைப் பதிவு பாதியானதும் உங்கள் பாடம் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

விசாவில் செய்யும் தவறு

30 டாலர் சுற்றுலா விசாவில் போய் இறங்குவதுதான் பலரும் செய்வது. அதை ஒரே ஒரு முறை, ஒரு மாதத்துக்கு மட்டும் நீட்டிக்கலாம். 3 மாதம் தங்குகிறவர் 35 டாலர் கொடுத்து 'ஈ' வகைச் சாதாரண விசா எடுக்க வேண்டும். முதலில் 30 நாள் கிடைக்கும், பிறகு உள்ளூரிலேயே 1, 3, 6, 12 மாதமாக நீட்டிக்கலாம். 1 மாத, 3 மாத நீட்டிப்பில் நாட்டை விட்டு வெளியே போனால் அது முடிந்துவிடும். வார இறுதியில் பாங்காக் போய் வரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நீட்டிப்புக்கு அமைப்பின் கடிதம் தேவைப்படும். சம்பளமில்லாத வேலைக்கும் வேலை அனுமதி கேட்கக்கூடும் என்பதால், அதை யார் எடுப்பது, செலவு யாருடையது என்று புறப்படும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இணையத்திலேயே விசா எடுக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பாமல் தூதரகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் டாலரும் வேண்டும், உள்ளூர் ரியெலும் வேண்டும். ஒரு டாலர் சுமார் 4,000 ரியெல். டாலர் நோட்டில் ஒரு சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். ஊரில் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. தெருநாய்கள் அதிகம், கிராமத்திலிருந்து ஊசி இருக்கும் ஆஸ்பத்திரி தூரம். டைபாய்டும் டெட்டனஸும் டாக்டரிடம் கேளுங்கள். டெங்குக் கொசு பகலில், அதுவும் வகுப்பு நேரத்தில் மேசைக்கடியில் கடிக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ன்யாம் புவா' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாஸும் ப்ரஹோக் என்கிற புளித்த மீன் விழுதும் சேர்த்த காய்கறிதான் தட்டுக்கு வரும்.

கெமர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கெமர்தான் கம்போடியாவின் மொழி. அதைக் கற்கும் விஷயத்தில் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்தது. தேதியிட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. எழுத்துகளின் அடுக்கு க-வில் தொடங்கி ச, ட, த, ப என்றே போகும். நம் 'கே'யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதுபோல அங்கேயும் நிற்கும். ஆசிரியருக்கு 'க்ரூ', பள்ளிக்கு 'சாலா', எழுத்துக்கு 'அக்ஸார்', மொழிக்கு 'பியாஸா' என்று கேட்டதும் குருவும் சாலையும் அட்சரமும் பாஷையும் நினைவுக்கு வந்துவிடும். ஒரு மாதம் தினமும் அரை மணி ஒதுக்கினால் பிள்ளைகளின் பெயரைக் கெமரில் வாசிக்கலாம். வெள்ளைக்காரத் தன்னார்வலருக்கு இது இவ்வளவு எளிதில்லை.

வகுப்பில் உடனே வேண்டியவை: வணக்கத்துக்குச் 'சும்ரீப் சுவர்', நன்றிக்கு 'அர்குன்', உட்காருங்கள் என்பதற்கு 'அங்குய்', கேளுங்கள் என்பதற்கு 'ஸ்தாப்'. கடைசிச் சொல் ஆங்கில 'ஸ்டாப்' போலவே காதில் விழும். ஓடுகிற பிள்ளையை நிறுத்தக் கத்தினால் அது நின்று உங்கள் வாயைப் பார்க்கும், ஆக எப்படியோ காரியம் ஆகிவிடும். ஆண் ஆசிரியரை 'லோக் க்ரூ' என்றும் பெண் ஆசிரியரை 'நெக் க்ரூ' என்றும் கூப்பிடுவார்கள். உடன் வேலை செய்யும் ஊர் ஆசிரியரைப் பிள்ளைகள் முன் நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பிள்ளையின் தலையைத் தடவக் கூடாது.

எங்கே தடுக்கும், ஏன்

தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை அப்படியே கொண்டுபோனால் இடறும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது பலவும் அவர்களுக்கு எளிது. 'நான் சோறு சாப்பிட்டேன்' என்று வினையைக் கடைசியில் வைக்கும் நாம் ஆங்கிலத்துக்காக வரிசையை மாற்ற வேண்டும். கெமரிலோ எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று ஆங்கில வரிசையேதான். சொல் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவதும் அவர்களுக்குச் சாதாரணம். 'இஸ்கூல்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தடுக்குவது சொல்லின் வால். கெமர்ச் சொல்லின் இறுதியில் 'ஸ்' ஒலிக்காது, மற்ற மெய்களும் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். 'ரைஸ்', 'ரைட்', 'ரைட்ஸ்' மூன்றும் 'ரை' ஆகும். பன்மையும் 'ஷி ஈட்ஸ்' என்கிற வினை வாலும் இங்கேதான் தொலைகின்றன. பிள்ளைக்கு இலக்கணம் தெரியவில்லை என்று நினைத்து விதியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பயனில்லை, சிக்கல் நாக்கில் இருக்கிறது. வழி இதுதான்: 'ஸ்' முதலில் வந்தால் அவர்களுக்கு வரும். ஆகவே உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வையுங்கள். 'புக்ஸ் ஆன்' என்பதைப் 'புக்-ஸான்' என்று கை தட்டிச் சொல்ல வையுங்கள். தினம் 3 நிமிடம், 2 வாரம். பிறகு 'ஆன்' என்பதை மெதுவாக உதிர்த்துவிடுங்கள்.

வினைச்சொல் கெமரில் காலத்துக்கேற்ப மாறாது. 'நேற்று நான் போ' என்பதே அங்கே நிறைவான வாக்கியம். அதனால் இறந்தகாலத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது 'நேற்று' என்ற சொல்லை முதலில் எடுத்துவிட்டுப் பயிற்சி கொடுங்கள். அது இருக்கும்வரை வினையை மாற்ற வேண்டிய அவசியம் பிள்ளைக்குத் தெரியாது. பெயரடை கெமரில் பெயருக்குப் பின்னால் வரும், அதனால் 'டாக் பிக்' என்பார்கள். வண்ண அட்டையை இடப்பக்கமும் படத்தை வலப்பக்கமும் ஒட்டிப் பழக்கினால் ஒரு வாரத்தில் சரியாகும்.

எழுத்தில் ஒரு விநோதம். கெமரில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட மாட்டார்கள். ஆரம்பப் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தையும் ஒரே சங்கிலியாக எழுதுவார்கள். சொல்லுக்குப் பின் இடது ஆட்காட்டி விரலை வைத்து, அந்த அகலம் விட்டு அடுத்ததை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம்

வகுப்பில் 25 முதல் 40 பேர், 7 வயதும் 14 வயதும் கலந்து இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து 'குட் மார்னிங் டீச்சர், ஹவ் ஆர் யூ டுடே' என்று ஒரே ராகத்தில் பாடுவார்கள். மயங்கிவிடாதீர்கள். ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி 'வேர் இஸ் யுவர் பேக்' என்று கேளுங்கள், 'ஐ ஆம் ஃபைன் தேங்க் யூ' என்று பதில் வரலாம்.

5 நிமிடம் வணக்கமும் வருகையும். 10 நிமிடம் பழைய அட்டைகள், எட்டுக்கு மேல் வேண்டாம். 15 நிமிடம் புதியது: 6 சொல், அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்ல ஒரு வாக்கிய அச்சு. 15 நிமிடம் இருவர் இருவராகப் பேச்சு. 10 நிமிடம் நோட்டு. கடைசி 5 நிமிடம் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு வெளியே விடுங்கள். அன்றைக்கு யாருக்கு என்ன வரவில்லை என்பது அந்த 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். தேர்வு வைத்தால்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

6 சொல் மிகக் குறைவு என்று தோன்றும். வாரம் 3 நாள் புதியது, 2 நாள் திருப்புதல் என்று வைத்தால் 18 சொல். 9 வாரத்தில் 162. வாயில் நிற்கிற 162 சொல்லை வைத்து ஒரு பிள்ளை விலை சொல்லலாம், வழி சொல்லலாம். 20 சொல்லாகக் கொட்டியவர்கள் கடைசி வாரத்தில் மீண்டும் வண்ணங்களிலிருந்து தொடங்குகிறார்கள்.

'புரிந்ததா' என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆசிரியரிடம் புரியவில்லை என்பது அவரைக் குறை சொல்வது போல. அதற்குப் பதில், செய்து காட்டச் சொல்லுங்கள்.

பொருட்கள்: மார்க்கர் 10, நூல், துணி கிளிப் 40, மென்மையான பந்து 1, பகடை 6, லேமினேட் செய்த ஏ4 தாள் 20. இந்தத் தாள்தான் கையடக்கப் பலகை; இருவருக்கு ஒன்று, மார்க்கரால் எழுதிப் பழைய துணியால் துடைக்கலாம். லேமினேஷனை அங்கேயே செய்துகொள்ளுங்கள், பெட்டியில் எடை மிச்சம். ஊரிலிருந்து பொம்மையும் மிட்டாயும் வாங்கிப் போகாதீர்கள். மறுநாள் பிள்ளைகள் உங்கள் பையைத்தான் பார்ப்பார்கள், அடுத்து வரும் ஊர் ஆசிரியரிடம் மிட்டாய் இருக்காது.

மே முதல் அக்டோபர் வரை மழை. தகரக் கூரையில் மழை அடித்தால் தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அதற்கென்றே சத்தமில்லாத பாடம் நான்கு எப்போதும் பையில் இருக்கட்டும்: படம் பார்த்து எழுதுதல், துண்டு வாக்கியங்களை அடுக்குதல், ஊமை நடிப்பு, குறுக்கெழுத்து.

பிள்ளைகளோடு வரம்பு

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், வீட்டுக்குப் போக நேர்ந்தால் ஊர் ஆசிரியரோடு போங்கள். முகம் தெரியும் படத்தைப் பள்ளி பெயரோடு பேஸ்புக்கில் போடாதீர்கள். பெரிய பிள்ளைகள் நட்பு அழைப்பு அனுப்புவார்கள். ஏற்காதீர்கள், காரணத்தை வகுப்பிலேயே பொதுவாகச் சொல்லிவிடுங்கள், மனம் நோகாது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் கண்ணில் பட்டால் காசை நேரடியாகக் கொடுக்காமல் அமைப்பின் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தது அன்று மாலையே பத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும்.

ஊர் ஆசிரியரும் ஒப்படைப்பும்

முதல் வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வகுப்பைப் பாருங்கள். அவருடைய உச்சரிப்பைப் பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள், ஒரு தடவை செய்தால் போதும், மீதி நாளெல்லாம் அவர் வகுப்புக்கு வராமல் ஆசிரியர் அறையிலேயே இருப்பார். இரண்டாம் வாரம் நீங்கள் பேச்சுப் பயிற்சிக்கு மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து இருவரும் பாதிப் பாதி. விதியையும் பொருளையும் அவர் கெமரில் சொன்னால் 2 நிமிடத்தில் முடியும். நீங்கள் ஆங்கிலத்தில் அபிநயம் பிடித்தால் 20 நிமிடம். நீங்கள் பேச்சுத் துணை. பத்தாம் வாரத்திலிருந்து உங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், கடைசி வாரம் மறுபடியும் பின் பெஞ்ச்.

தினமும் 5 நிமிடம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, சொற்கள், வாக்கியம், எது எடுபட்டது, யார் தடுமாறினார். அட்டைகளைப் பாட எண் போட்டுக் கொத்தாகக் கட்டி, அதே நோட்டோடு ஆசிரியரின் அலமாரியில் வையுங்கள், அமைப்பின் அலுவலகத்தில் அல்ல. கூகுள் டிரைவில் மட்டும் போட்டுவிட்டு வந்தால், வைபை இல்லாத அந்த வகுப்பறையில் அதை யாரும் திறக்கப்போவதில்லை.

கிளம்பும் தேதியை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லி, சுவரில் நாட்காட்டி மாட்டி, வாரம் ஒரு கட்டமாக அவர்களே அடிக்கட்டும். 'திரும்பி வருவேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், டிக்கெட் கையில் இருந்தாலொழிய.